நான் அப்பவே சொன்னேன்

நசரத்பேட்டை வேம்புலிக்கு ஆவணி மாதம் முதல் தேதி பயம் பிடித்தது. அதற்கு முன்னால் அவன் எதற்கும் பயந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. பாம்புக்குப் பயப்படுவான். தாசில்தார் கச்சேரி டவாலிச் சேவகனுக்குப் பயப்படுவான். கீரைப் பாத்தியில் பூச்சி விழுந்தால் இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் ஊரில் நாலு பேருக்கு உள்ள பயங்கள்தான். ஆவணி முதல் தேதி பிடித்தது கால்பந்துப் பயம். வேம்புலி அதுவரை கால்பந்தைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு வெள்ளிவிழா நடந்த வருஷம் அது. அந்த வைகாசியில்தான் அவனுக்கும் கரையான்சாவடி அய்யாசாமியின் இரண்டாவது பெண் தாட்சாயிணிக்கும் கல்யாணம் நடந்தது. ஒன்றரை மாதம் குடித்தனம் செய்தார்கள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி மாமனார் வந்து பெண்ணை அழைத்துப் போனார். ஆடி முழுக்க வேம்புலி தனியாகக் கீரை பறித்தான், தனியாகக் கஞ்சி குடித்தான், பேச்சுத் துணைக்கு மாட்டை வைத்துக்கொண்டான். ஆவணி பிறந்த அன்று காலையில் வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டு, மாட்டைக் குளிப்பாட்டி, புது வைக்கோல் பரப்பி, அதன்மேல் கல்யாண ஜமக்காளத்தை விரித்து, மாமனார் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

வாசற்படியில் தாட்சாயிணியின் தகரப் பெட்டி தயாராக இருந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வேம்புலிக்கு மனசு குளிர்ந்துபோய், பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"பொட்டி மேல கை வைக்காதீங்க மாப்ளே," என்றார் அய்யாசாமி. அவர் நெல் வியாபாரி. குரல் மூட்டை கனம் இருக்கும். "பொண்ணு ரெடியா கீறா. பொட்டி ரெடியா கீது. நீங்க ரெடியா?"

"வண்டி வாசல்ல நிக்குது மாமா."

"வண்டிய யாரு கேட்டா? சங்கத்துல சேந்துகினீங்களா?"

"இன்னா சங்கம் மாமா?"

வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அய்யாசாமி மருமகனை மேலும் கீழும் பார்த்தார். தெரிந்தே இப்படிக் கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா என்று எடைபோட்டார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு விளக்க ஆரம்பித்தார்.

பூந்தமல்லி கால்பந்து அபிமானிகள் சங்கம் என்பது அதன் பெயர். பூந்தமல்லியில் பதினொரு பேர் வெறுங்காலோடு கால்பந்து ஆடினார்கள். அவர்கள் மேல் அபிமானம் வைப்பதற்கு நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள். சங்கம் இந்த நூற்றுப்பத்துப் பேருக்கு. ஆடுகிறவர்களுக்கு அதில் இடம் கிடையாது. ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்பது சங்கத்தின் எண்ணம். அக்கிராசனர் உண்டு, காரியதரிசி உண்டு, அச்சடித்த சட்டதிட்டம் உண்டு. அய்யாசாமி உப அக்கிராசனர்.

"எங்க ஊட்டு மாப்பிள்ளைங்க சங்கத்துல இருந்தாவணும். ஒரு மேச்சுக்கு வந்து ஒயுங்கா ஒக்காந்து எயுந்துகினா, மறுநாளே பொண்ணக் கூட்டிகினு போலாம். இல்லாங்காட்டி..." என்று நிறுத்தி, தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த புளியமரத்தைக் கையால் காட்டினார்.

மரத்தடியில் ஜெயராமன் நின்றுகொண்டிருந்தார். அய்யாசாமியின் மூத்த மருமகன். அம்பத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வேம்புலியின் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நின்று அட்சதை போட்டுவிட்டுப் போன மனிதர் இவர்தான். முப்பது வயதில் தலை பாதி நரைத்திருந்தது. வேம்புலி தெருவைக் கடந்து போனான்.

"சகல, ஏன் இங்க நிக்கறீங்க? உள்ள வர்றது தானே?"

"மூணு வருசமா நிக்கறேன் சகல. வாரத்துல ஒரு நாள் கட சாத்திட்டு வந்துருவேன். எம் பொஞ்சாதி சாமுண்டி கெணத்தாண்ட தண்ணி மொள்ள வருவா. அவ கொடத்த தூக்கினு போறவரைக்கும் பாத்துட்டுப் பூடுவேன்."

"அக்காவ அனுப்பலியா?"

"அனுப்பல."

"இன்னா பண்ணீங்க?"

ஜெயராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு மேச்சு. இவுரு ஜொரத்துல படுத்துகினு இருந்தாரு. நான் போயிட்டு வந்தேன். இன்னா ஆச்சு மாப்ளேன்னு கேட்டாரு. தோத்துட்டோம் மாமான்னு சொல்லிட்டேன்."

"தோத்தீங்களா?"

"எட்டு கோலு."

"அப்பறம் அதுல இன்னா தப்பு?"

ஜெயராமன் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். "சகல, கேட்டுக்கோ. நீ ஆமான்னு மட்டும் சொல்லு. ஊடு பத்திகினு எரிஞ்சாலும் ஆமான்னு சொல்லு. வேற ஒரு வார்த்த வேணாம். எனக்கு ஒரு பேச்சு மூணு வருசத்த தின்னுடுச்சு."

அந்த நேரத்தில்தான் வேம்புலிக்குப் பயம் பிடித்தது. வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். ஜமக்காளத்தைச் சுருட்டும்போது தன் தலை நரைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் அவனைச் சங்கத்துக்கு அழைத்துப் போனார். பூந்தமல்லிப் பெரிய ரோட்டில் வண்டிச் சக்கரப் பட்டறைக்கு மேல்மாடியில் சங்கம். சுவரில் மன்னர் படம் மாட்டியிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் வெடித்துப்போன கால்பந்து ஒன்று, சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக வீற்றிருந்தது. வேம்புலி எதற்கும் இருக்கட்டும் என்று அதைக் கும்பிட்டு வைத்தான். பெஞ்சிகளில் மெச்சுதலான ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சங்கத்தில் அவனாக யோசித்துச் செய்து சரியாகப் போன காரியம் அது ஒன்றுதான்.

காரியதரிசி ராயப்பன் பென்ஷன் வாங்கிய வாத்தியார். சட்டதிட்டப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அதே குரலில் வாசித்தார்.

"முதல் வருஷ அங்கத்தினர், ஆட்டத்தின் போதும் பின்னரும், 'ஆமா' என்னும் சொல்லை மாத்திரமே பிரயோகிக்கலாம். இரண்டாம் வருஷம் முதல் 'அதானே' என்பதும் அனுமதிக்கப்படும். மூன்றாண்டு பூர்த்தியானவர்கள், அக்கிராசனர் கைக்குட்டையை உயர்த்தும் சமயங்களில், 'அடடா' என்னலாம். ரெப்ரீயின் கண்பார்வையைப் பற்றி அபிப்பிராயம் கூறும் பாத்தியதை ஆறாம் வருஷத்தில் பிறக்கிறது. 'அந்தக் காலத்து ஆட்டம் இனிமேல் வருமா' என்னும் வாக்கியம் பத்தாண்டு அங்கத்தினருக்கு மட்டும் உரியது. வெளியார் பேசும் 'தோற்றோம்' என்னும் கொச்சை மொழி இச்சங்கத்தில் இல்லை. அத்தகைய சமயங்களில், 'ஜெயம் ஒத்திவைக்கப்பட்டது' என்று கூறவேண்டும்."

புத்தகத்தை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். வேம்புலியும் எழுந்தான்.

"கடைசியாக, 'நான் அப்பவே சொன்னேன்' என்னும் வாக்கியம். இதை உச்சரிக்கும் உரிமை அக்கிராசனர் ஒருவருக்கே உண்டு."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கிராசனர் ஜானகிராமன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாக்கியம் அடங்கும்வரை பொறுத்திருந்தார். சப் ரிஜிஸ்திரார் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அல்பாக்கா கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருந்தார். மெதுவாகக் கண்ணைத் திறந்து வேம்புலியைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கேள்வி. எதிராளி ஆறு கோல் போட்டான். நம்மவர்கள் ஒன்றும் போடவில்லை. என்ன நடந்தது?"

கணக்கு சாமானியக் கணக்குதான். விடை வேம்புலியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சரியாக அந்தச் சமயத்தில் புளியமரமும் நரைத்த தலையும் அவன் கண் முன்னால் வந்து நின்றன.

"ஆமா," என்றான்.

"பேஷ்!" என்று துள்ளினார் ராயப்பன். "ஒத்திவைக்கப்பட்டது என்று சொன்னால்கூட அதிகப்பிரசங்கம். பையன் பழுத்த பழம்!" அய்யாசாமி மருமகன் முதுகில் தட்டினார். அன்றைக்கே பெயர் பதிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை பெண்ணை அனுப்புவதாக மாமனார் வாக்குக் கொடுத்தார்.

அந்த ஆறு நாளும் வேம்புலி பழகினான். கீரைக்குத் தண்ணீர் விடும்போது ஆமா என்றான். அக்கம்பக்கத்தில் யார் என்ன கேட்டாலும் ஆமா என்றான். பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கும் ஆமா என்றுவிட்டான். ஒரு முழம் மண் போனால் போகிறது, தாட்சாயிணி வந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம் ஏரிக்கரை வழியாக மைதானத்துக்கு நடந்து போனான். போகிற வழியில் சம்பா நாற்றங்காலுக்காக மதகைத் திறந்துவிட்டிருந்ததைப் பார்த்தான். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. அந்த வாய்க்கால் மைதானத்தின் வடக்குக் கோடியை ஒட்டித்தான் போகும். வடக்குக் கோல் கம்பங்களுக்கு அடியில் கோரைப்புல் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. கோரை முளைத்த இடத்தில் அடியில் ஊற்று இருக்கும் என்பதும், வாய்க்காலில் தண்ணீர் வந்த ஒரு ஜாமத்துக்குள் மேலே சேறு கட்டும் என்பதும் கீரை போடுகிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேம்புலி அதைப் பார்த்தான், தனக்கு என்ன என்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

எதிராளிகள் பட்டாளத்து முகாமிலிருந்து வந்தவர்கள். ஜுரம் விட்டு எழுந்து, உடம்பு தேறுவதற்காக ஆடச்சொல்லி டாக்டர் அனுப்பிய சோல்ஜர்கள். ஒருத்தனுக்குத் தலையில் கட்டுப் போட்டிருந்தது. ஒருத்தன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கஷாயம் மாதிரி எதையோ குடித்துவிட்டு வந்து ஆடினான். இவர்களிடம்தான் பதினொரு வருஷமாக ஜெயம் ஒத்திவைக்கப்பட்டு வந்தது.

அன்றைக்கு என்னவோ கோல் விழவில்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் பூஜ்யம். பெஞ்சிகளில் ஒருவித நடுக்கம் பரவியது. இப்படியே முடிந்தால் என்ன சொல்வது என்பதற்குச் சட்டதிட்டத்தில் வழி இல்லை என்று ராயப்பன் பக்கத்தில் இருந்தவரிடம் கவலையோடு சொன்னார். ரோட்டோரமாக நின்ற வண்டிகளில் பெண்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். மாமனார் வண்டியின் படுதா விலகி, தாட்சாயிணியின் முகம் தெரிந்தது. வேம்புலி அந்தப் பக்கம் பார்க்கவும் பயந்தான். பார்த்துச் சிரித்துவிட்டால், சிரிப்பு எந்த வருஷத்து அங்கத்தினருக்கு உரியதோ என்று இருந்தது.

அப்புறம் இரண்டு கட்சியும் பக்கம் மாறின. நம்முடைய கோல்கீப்பர் டேவிட் வடக்குக் கோடிக்கு நடந்து போய், கோரைப்புல்லின் நட்டநடுவில், வெறுங்காலோடு, இரண்டு கையையும் விரித்து நின்றான். அவன் குதிகாலைச் சுற்றித் தரை கறுத்திருந்ததை வேம்புலி பார்த்தான்.

எந்தக் குடியானவனாலும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பாழுங்கிணற்றை நோக்கி நடக்கிற மாட்டை அதட்டுவதற்கு யாரும் உத்தரவு கேட்பதில்லை. வேம்புலி எழுந்து நின்று, வாய்க்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்துக்கொண்டு, கீரைக்கொல்லைக் குரலில் கத்திவிட்டான்.

"அண்ணாத்தே! அங்க நிக்காதே! மதகு தொறந்துட்டாங்கோ, தண்ணி வந்துகினு கீது! இன்னும் கொஞ்ச நேரத்துல காலு வயுக்கி உயுந்துடுவே! ரெண்டடி முன்னால வந்து நில்லு!"

கத்தி முடித்த பிறகுதான் தான் யார் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. நூற்றொன்பது தலைகள் அவன் பக்கம் திரும்பின. ராயப்பன் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்த்து, ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். வேம்புலி உட்கார்ந்தான். அய்யாசாமி அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கழுத்து மட்டும் மெல்ல மெல்லச் சிவந்தது.

டேவிட் நகரவில்லை. அவன் விழாமல் இருக்கவேண்டும் என்று வேம்புலி வேண்டாத சாமியில்லை. தண்ணீர் வேறு பக்கம் போகட்டும், மதகு உடையட்டும், தான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரைமணி நேரம் அவன் பிரார்த்தனை பலித்தது. ஆட்டம் முடிய மூன்றே நிமிஷம் இருந்தபோது, தலையில் கட்டுப் போட்டவன் களைப்பில் பந்தைச் சும்மா ஒரு தள்ளு தள்ளினான். அது குழந்தை தவழ்வதுபோல உருண்டு வந்தது. டேவிட் அதைப் பிடிக்க ஒரு அடி எடுத்து வைத்தான். இரண்டு காலும் மேலே போயின. சேறு தெறித்தது. பந்து அவனைத் தாண்டி மெதுவாக உள்ளே போய் நின்றது.

விசில் ஊதியாயிற்று. வழக்கப்படி எல்லோரும் அக்கிராசனரைப் பார்த்தார்கள். அக்கிராசனர் எழுந்து, கோட்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, அந்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, பின் பெஞ்சியில் இருந்த ஒரு இரண்டாம் வருஷத்து ஆள், தன்னையறியாமல் வேம்புலியைத் திரும்பிப் பார்த்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருத்தன் பார்த்தான். நூற்றெட்டுப் பேரும் வேம்புலியைப் பார்த்தார்கள். அக்கிராசனரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தில் விசாரணை. வேம்புலி தன் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினான். மாமனார் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அதில் தாட்சாயிணி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியருகே தகரப் பெட்டி.

"பொட்டி இந்த வண்டிலருந்து அந்த வண்டிக்குப் போவுதா, இல்ல ஊட்டுக்குத் திரும்புதான்றது மேல தெரிஞ்சுபூடும்," என்று சொல்லிவிட்டு அய்யாசாமி மாடிப்படி ஏறினார்.

வேம்புலியை ஜன்னலோரமாக நிற்கவைத்தார்கள். குனிந்தால் பெட்டியின் மூடி தெரிந்தது.

ராயப்பன் குற்றங்களை வாசித்தார். "ஒன்று. முதல் வருஷ அங்கத்தினர் ஒரு சொல்லுக்குப் பதிலாகப் பதினெட்டுச் சொற்களைப் பிரயோகித்தது. இரண்டு. ஆட்டக்காரன் ஒருவனிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசியது. மூன்று." இங்கே அவர் குரல் தழுதழுத்தது. "மூன்று, அது பலித்தது."

டேவிடைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டக்காரன் என்பதால் நிலைப்படிக்கு வெளியே நிற்கவைத்தார்கள். முழங்கையில் துணி சுற்றியிருந்தான்.

"இவர் கூவியது உன் காதில் விழுந்ததா?"

"உயுந்துச்சு சார்."

"ஏன் நகரவில்லை?"

"நகந்தா, முதல் வருசத்துக்காரு சொல்லி நகந்தேன்னு நீங்க எய்திடுவீங்களேன்னு பயந்துகினு அங்கியே நின்னேன் சார். காலு உள்ள எறங்கறது எனக்கே தெரிஞ்சுது. இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு கீதே."

"நல்ல பையன்," என்று அக்கிராசனர் தலையசைத்தார். பிறகு அவரே எழுந்தார். இரவெல்லாம் தூங்காதவர் என்று கண் சொல்லியது.

"மகாஜனங்களே! பதினொரு வருஷங்களில், 'நான் அப்பவே சொன்னேன்' என்று நான் இருநூற்றுப் பதினான்கு முறை சொல்லியிருக்கிறேன். எல்லாம் பதிவாகியிருக்கிறது. அவற்றில் ஒரு முறையாவது நான் முன்கூட்டி ஏதாவது சொன்னதாக எவராவது நிரூபிக்க முடியுமா?"

"முடியாது!" என்றார் ராயப்பன். "ஆமா!" என்றன பெஞ்சிகள்.

"அதற்குப் பெயர்தான் பொறுப்பு. முன்னால் சொல்லுகிறவன் யார்? மரத்தடியில் கிளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன். பின்னால் சொல்லுகிறவனே அபிப்பிராயஸ்தன். முன்னால் சொன்னால் தப்பிப்போகலாம். தப்பிப்போனால் அபிப்பிராயத்துக்கு என்ன மரியாதை? இருநூற்றுப் பதினான்கு முறையும் நான் தப்பவில்லை. ஏன்? ஒன்றும் சொல்லாததால்! இன்றைக்கு ஒரு கீரைக்காரன் முன்னால் சொல்லிவிட்டான், அது நடந்தும்விட்டது. நாளைக்கு யாராவது என்னைப் பார்த்து, 'நீர் எப்போது சொன்னீர்?' என்று கேட்டால்?"

கூட்டம் நடுங்கியது. முன் பெஞ்சியில் ஒரு பத்தாண்டு அங்கத்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கிராசனர் சட்டென்று இலக்கணத்தை உதறிவிட்டு, மேஜையை அறைந்தார். "எவனாவது கேட்டுட்டா, நான் இன்னா பதில் சொல்றது? பதினோரு வருசம் பூடாதா?"

வேம்புலி ஜன்னல் வழியாகப் பார்த்தான். தாட்சாயிணியின் கை பெட்டியின் பிடியில் இருந்தது. எதிர்ச்சாரியில், இரண்டு கடை தள்ளி, ஜெயராமன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் இரண்டு பேருமாகத்தான் புளியமரத்தடியில் நிற்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தான். இரண்டு பேர் நிற்க அந்த மரத்தில் நிழல் போதுமா என்றுகூட யோசித்தான்.

அய்யாசாமிதான் எழுந்தார். எப்படியும் அவர் பெண்ணைப் பெற்றவர். "தலைவரே, ஒண்ணு சொல்றேன். மாப்ள கத்துனது வாஸ்தவம். அவன் உயுந்ததும் வாஸ்தவம். எது முன்ன, எது பின்னன்றதுதான் பேச்சு. அத நாம தானே எய்தறோம்?"

அக்கிராசனரின் முகத்தில் விடியற்காலை வெளிச்சம் மாதிரி ஒன்று பரவியது. ராயப்பன் தம்முடைய கடிகாரத்தை எடுத்து, காதில் வைத்துக் கேட்டு, அது நேற்று வேகமாக ஓடியிருக்கவேண்டும் என்று அறிவித்தார். தீர்மானம் மளமளவென்று எழுதப்பட்டது. டேவிட் முதலில் விழுந்தான். வேம்புலி பிறகு கத்தினான். மதகு திறந்தது அதற்கும் பிறகு.

முந்தின நாள் சாயங்காலம் திரும்பிப் பார்த்துக் கெடுத்த இரண்டாம் வருஷத்து ஆள், கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "உயுந்தப்பறம் எதுக்கு அங்க நிக்காதேன்னு..." என்று ஆரம்பித்தவன், எல்லோருடைய பார்வையையும் கண்டு, "அதானே," என்று முடித்து உட்கார்ந்தான்.

"துக்கத்தில்," என்றார் ராயப்பன், எழுதிக்கொண்டே. "துக்கம் தாளாமல்." பிறகு வாசித்துக் காட்டினார்: "நேற்றைய ஆட்டத்தில் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கோல் ஆனதைக் கண்ட துக்கம் தாளாமல், 'அங்கே நிற்காதே' என்று, அவர் நின்று முடிந்த பிற்பாடு கூவினேன். முன்கூட்டி நான் யாதொன்றும் சொல்லவில்லை. சொல்லும் அறிவும் எனக்கில்லை. இப்படிக்கு."

பேனாவை நீட்டினார்கள். வேம்புலிக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அந்த ஒன்றைக் கற்றுக்கொண்டதற்காக அன்றைக்குத்தான் வருத்தப்பட்டான். தண்ணீர் வரும் என்று அவனுக்குத் தெரிந்தது, சொன்னான், வந்தது. அவன் வாழ்க்கையில் ஊர் முழுக்கக் கேட்கும்படி அவன் சொன்ன ஒரே உண்மை அது. அதன் மேல் கோடு போடுவது அவமானமாக இருந்தது. கீழே பெட்டி இருந்தது. பயம் அவமானத்தைவிடப் பெரியதாக இருந்தது. போட்டுவிட்டான்.

அக்கிராசனர் அந்தத் தாளை ஊதி உலர்த்தினார். மடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள், பந்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கோட்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தார்.

"நேற்று விழுந்த கோல் விஷயமாக," என்றார். "வடக்குக் கோடியில் ஊற்று இருக்கிறது. கால் வழுக்கும். நான் அப்பவே சொன்னேன்."

"ஆமா!" என்று மாடி அதிர்ந்தது. வேம்புலியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. அக்கிராசனர் அவனைப் பிரியமாகப் பார்த்து, ராயப்பனிடம் இருநூற்றுப் பதினைந்து என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பெட்டி வண்டி மாறியது. தாட்சாயிணி வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். வண்டி புறப்பட்டபோது தூணுக்குப் பின்னாலிருந்து ஜெயராமன் வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தார், தங்கையைப் போன்ற கொழுந்தியாளைப் பார்த்தார், வேம்புலியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாராட்டுகிறாரா, பரிதாபப்படுகிறாரா என்று வேம்புலிக்குத் தெரியவில்லை. மாட்டைத் தட்டி வேகமாக ஓட்டினான்.

வண்டி பூந்தமல்லி எல்லையைத் தாண்டியது. சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு தாட்சாயிணி சொன்னாள்.

"நேத்து நீங்க கத்துனது எங்க வண்டி வரிக்கும் கேட்டுச்சு. ராயப்பன் சார் கடியாரத்த எடுத்ததையும் பாத்தேன். அவன் அதுக்கு அப்பறந்தான் உயுந்தான். எனக்கு அயுகை வந்துடுச்சு, சந்தோசத்துல."

"இல்ல, அவன் மொதல்ல உயுந்தான். துக்கம் தாளாம..." என்று வேம்புலி ஆரம்பித்தான். அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது திரும்பாமலே தெரிந்தது.

"கையெய்த்துப் போட்டுட்டீங்களா?"

வேம்புலி மாட்டின் கொம்பைப் பார்த்தான்.

"போட்டுட்டுத்தான் எறங்கி வருவீங்கன்னு," என்றாள் தாட்சாயிணி, "காலைல பொட்டி கட்டும்போதே எங்கக்காவாண்ட நான் அப்பவே சொன்னேன்."

வேம்புலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கிராசனரைத் தவிர வேறு யாரும் சொல்லக்கூடாத வாக்கியம். முன்னாலும் பின்னாலும் திரும்பி, சாலையில் யாராவது கேட்டார்களா என்று பார்த்தான். ஒருவரும் இல்லை. ஏரிக்கரை மட்டும் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவன் முதல் வருஷ அங்கத்தினன்.

"ஆமா," என்றான்.